உடனிருப்போரின் கணக்கு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றவுடன் நம் நினைவில் எழுவது முதன்மைகளின் பட்டியல். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண். சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராக அமர்ந்த முதல் பெண். பள்ளிப் பாடநூல்கள் இவற்றைச் சொல்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு பொறுப்பையும் அவர் வாழ்க்கையில் ஏற்றிருந்தார். புற்றுநோயாளி ஒருவரின் கட்டிலருகே அமர்ந்திருந்த குடும்பத்தார் என்ற பொறுப்பு அது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் தோற்றத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தின் பொருட்டுத் தந்தை தம் உறவினரால் ஒதுக்கப்பட்டார். பெண் குழந்தைக்கு எழுத்தறிவே மிகையென்று கருதிய காலத்தில், மகளின் படிப்பு வீட்டில் தொடர்ந்தது. கல்லூரியில் அவருக்கு இடம் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது எதிர்ப்புகள் கிளம்பின. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்ததோடு உதவித்தொகையும் வழங்கினார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்த பின்னரே திருமணத்துக்கு இசைந்தார். அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டது என்பதற்கு அவருடைய பிற்காலப் பொதுவாழ்வே சான்று.

மருத்துவத் தொழில் செழித்து, பெயரும் நிலைபெற்று வந்த வேளையில் அவருடைய தங்கை சுந்தராம்பாளுக்கு நோய் கண்டது. தொடக்கத்தில் அது இன்ன நோய் என்று சரியாக இனங்காணப்படவில்லை. புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் தங்கை இறந்தார். வீட்டில் மருத்துவர்கள் இருந்தார்கள். நகரத்தில் புகழ்பெற்ற அரசு மருத்துவமனைகள் இருந்தன. செலவு செய்யவும் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் வலியால் துடித்த தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்த மருத்துவரால் அதிகம் செய்ய இயலவில்லை. கற்ற கல்வி கைகொடுக்காத அந்த நாள்களை அவர் பின்னர் மறக்கவேயில்லை.

1925-இல் உயர் பயிற்சிக்காக அவர் லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையையும் பார்த்தார். புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை, அதில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒருங்கே நடக்கும் ஏற்பாடு, முன்கூட்டியே கண்டறிந்தால் பிழைக்க வைக்கலாம் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் அவர் மனத்தில் பதிந்தன. தங்கையின் மரணம் ஒரு திட்டமாக உருமாறிய இடம் அதுதான்.

ஆனால், நாடு திரும்பியவருக்கு வேறொரு களம் காத்திருந்தது. சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார்; உறுப்பினர்கள் அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். தேவதாசி முறையை ஒழிக்கவும், சிறுமியர் மணத்தைத் தடுக்கவும், பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தவும் அவர் தொடர்ந்து வாதாடினார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடைசெய்த சென்னை மாகாணச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. ஏறத்தாழ 20 ஆண்டுப் போராட்டம் அது.

அந்தப் போராட்டத்தின் நடுவே அவர் செய்த ஒரு காரியம் என் போன்ற பொருளியல் மாணவர்களின் கவனத்துக்கு உரியது. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து விடுபட விரும்பிய சிறுமியர் சிலர் அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். அவர்களைத் தங்க வைக்க நகரத்தில் இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. சட்டம் ஒரு பெண்ணை விடுவிக்கலாம். அவள் அன்றிரவு எங்கே படுப்பாள், அடுத்த வேளை என்ன உண்பாள் என்ற கேள்விகளுக்குச் சட்டத்தில் விடை இல்லை. உரிமைக்குப் பக்கத்தில் ஒரு பாயும் ஒரு தட்டும் வைக்கப்பட வேண்டும் என்பதை அவர் நடைமுறையில் கற்றிருந்தார். இதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னர் இந்த இடத்துக்கு நாம் வர வேண்டியிருக்கும்.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அங்கே புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை அம்மையார் வெளிப்படுத்தினார். கேட்டவர்கள் கைதட்டியிருக்கலாம், பணம் வரவில்லை. மலேரியாவும் காலராவும் காசநோயும் மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில், தீராத நோய் என்று பெயரெடுத்த ஒன்றுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே ஆட்சியாளரிடமும் மருத்துவரிடமும் மேலோங்கி இருந்தது. போட்ட பணம் உயிராகத் திரும்பாது என்பது அவர்கள் கணக்கு. சிக்கனத்தின் பெயரால் போடப்படும் இத்தகைய கணக்குகள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். எதைச் செலவு என்று எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பதில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு எங்கள் திருவண்ணாமலையும் இந்த நோயை மிக அருகில் கண்டது. ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே பிப்ரவரியில் ஒரு சிறு கட்டி தோன்றியது. ஓராண்டுக்குள் நான்கு முறை அறுவை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. 1950 ஏப்ரல் 14-இல் அவர் மறைந்தார். பெரிய மருத்துவர்கள் வந்து பார்த்தனர். பணிவிடை செய்ய அன்பர்கள் இரவும் பகலும் முறைவைத்து நின்றனர். மருத்துவ அறிவு எட்டிய எல்லை அன்று அவ்வளவே. இருப்பினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோயாளியைச் சுற்றி ஓர் ஆசிரமமே நின்றது. உடனிருப்பதற்காக யாரும் அன்றைய கூலியை இழக்க வேண்டியிருக்கவில்லை. சாதாரணக் குடும்பத்துக்கு அந்த ஆசிரமம் இல்லை.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் கூரைக் கொட்டகையில் மருத்துவமனை தொடங்கியது. அம்மையாருக்கு அப்போது 67 வயது முடிந்திருந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அந்தக் கொட்டகையை உலகறிந்த நிறுவனமாக்கினார்கள். 1957-இல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டில் வேறெங்கும் அத்தகைய பிரிவு இல்லாத காலம் அது. 1968 ஜூலை 22-இல் அம்மையார் காலமானார். டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் தாம் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை.

மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1941-இல் திறக்கப்பட்டது. அதன் பின்னாலும் ஒரு குடும்பத் துயரம் உண்டு. தோராப்ஜி டாடாவின் மனைவி மெகர்பாய் 1931-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆக, நாட்டின் முதன்மையான இரண்டு புற்றுநோய் மருத்துவமனைகளுக்கும் வித்திட்டவர்கள் நோயாளிகள் அல்லர். நோயாளிகளின் அருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். உடனிருந்தோரின் துயரத்தில் பிறந்த இந்த மருத்துவத்தில், உடனிருப்போருக்கு என்ன இடம் கிடைத்திருக்கிறது என்பதே என் கேள்வி.

முத்துலட்சுமி காலத்துக்குப் பிறகு நிலைமை பெரிதும் மாறிவிட்டது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பல இன்று குணமாகக் கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடத் தேறுவதில்லை. இந்த இடைவெளிக்கான காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் சுட்டுவது, தொடங்கிய சிகிச்சையைக் குடும்பம் பாதியில் கைவிடுவது. பாசம் குறைந்து கைவிடுவோர் அரிது. கையிருப்பு தீர்ந்து கைவிடுவோரே பெரும்பாலோர்.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் ஆறேழு மாதங்கள் கடுமையானவை. மருந்து ஏறும்போது ரத்த வெள்ளணுக்கள் குறைந்து நோய் எதிர்ப்பு ஆற்றல் வீழ்கிறது. அந்த நாள்களில் சாதாரணக் காய்ச்சலும் அவசரநிலையே. நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனை சேர வேண்டும். எனவே, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது; மருத்துவமனையிலிருந்து வெகுதொலைவில் இருக்கவும் முடியாது. கொதிக்க வைத்த நீர், அன்றன்று சமைத்த உணவு, கூட்டமில்லாத அறை ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே. இவற்றுக்கு மருந்துச்சீட்டில் இடமில்லை. இவை அனைத்தும் தாயின் பொறுப்பு என்று எழுதாமலே எழுதப்பட்டிருக்கின்றன.

எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்கான உயர்நிலைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்னைக்கோ, வேலூருக்கோ, புதுச்சேரிக்கோ செல்வதே வழக்கம். சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகும் பேருந்துகளில், தலையில் துணி சுற்றி, முகக்கவசம் அணிந்த பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு பயணம் செய்யும் தாய்மாரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். செங்கம் பக்கத்துக் கூலித் தொழிலாளியாகவோ, ஆரணியின் நெசவுக் குடும்பத்தவராகவோ, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவராகவோ அவர் இருக்கக்கூடும். கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமி இரவுகளிலும் கிரிவலப் பாதையில் பிள்ளையைத் தோளில் சுமந்து நடப்போரில் அத்தகையோரும் உண்டு. அவர்களுடைய வேண்டுதலை நான் மதிக்கிறேன். அடுத்த மாதப் பேருந்துச் செலவுக்கு என்ன செய்வது என்பதும் அந்த வேண்டுதலில் கலந்திருக்கிறது என்பதை அறிவேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ஆய்வு முடிவன்று; விளக்கத்துக்கான எடுத்துக்காட்டு மட்டுமே. தாய் மாதம் 20 நாள்கள் வேலைக்குப் போய், நாளொன்றுக்கு 400 ரூபாய் ஈட்டிவந்தார் என்று கொள்வோம். எட்டு மாதங்கள் அவர் மருத்துவமனையிலும் அதன் அருகிலும் இருந்தால் இழப்பு 64,000 ரூபாய். நாளுக்கு 600 ரூபாய் பெறும் தந்தை, ரத்தம் கொடுக்கவும் பணம் கொண்டுவரவும் மாதம் நான்கு நாள் வேலையை விட்டால் இன்னும் 19,200 ரூபாய். மொத்தம் 83,200 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதியான குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அந்த வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட தொகை, மருந்துக்கு ஒரு காசும் செலவிடாத நிலையிலேயே கரைந்துவிடுகிறது. வாடகை, உணவு, பயணம், கந்துவட்டி ஆகியவை இதில் சேரவில்லை. விற்ற ஆடும், அடகுக்குப் போன நகையும், பாட்டியிடம் விடப்பட்டுப் படிப்பில் பின்தங்கிய மூத்த பிள்ளையும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

காப்பீட்டுத் திட்டம் பெரிய வரம் என்பதில் ஐயமில்லை. அது இல்லாத காலத்தை அறிந்தவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால், காப்பீடு மருத்துவமனையின் கணக்கைத் தீர்க்கிறது. குடும்பத்தின் கணக்கை அது திறந்தும் பார்ப்பதில்லை. நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். தொலைதூரப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. இந்திய ரயில்வே மட்டும் புற்றுநோயாளியுடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை தருகிறது. நோயாளி தனியாகப் பயணம் செய்வதில்லை என்பதை ரயில்வே எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது.

இவ்விடத்தில் முத்துலட்சுமியின் பெயர் மீண்டும் நம்முன் வருகிறது. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி, 2011-இல் 12,000 ஆகவும் 2018-இல் 18,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் நோக்கங்களில் ஒன்று, கர்ப்பகாலத்தில் பெண் இழக்கும் வருமானத்தை ஈடுசெய்வது. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். பிள்ளையைச் சுமக்கும் பெண் கூலியை இழக்கிறாள், அந்த இழப்பில் சமுதாயத்துக்குப் பங்குண்டு என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்ட கொள்கை அது. அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்ட பின், பிறந்த பிள்ளை பத்து வயதில் புற்றுநோயால் படுத்தால் அதே தாய் இழக்கும் கூலி நம் கண்ணில் படாமல் போவதற்கு நியாயம் ஏது?

அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு இந்த நியாயம் ஏற்கெனவே எட்டியிருக்கிறது. மத்திய அரசின் பெண் ஊழியர், குழந்தை வளர்ப்புக்காகப் பணிக்காலத்தில் 730 நாள்கள்வரை விடுப்பு எடுக்கலாம். பிள்ளையின் நோயும் அதற்குரிய காரணம். மாதச் சம்பளம் பெற்ற என் போன்றோருக்கு விடுப்பு என்பது பழகிப்போன சொல். வயலிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவருக்கு விடுப்பு என்றால் அடுப்பு எரியாத நாள் என்று பொருள். சுவீடனில் கடும் நோயுற்ற பிள்ளையின் பெற்றோர், நாள் வரம்பின்றி உதவித்தொகை பெற்றுக்கொண்டு உடனிருக்கலாம். அது பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அண்டை மாநிலமான கேரளத்தில், படுக்கையிலுள்ள நோயாளியை முழுநேரமும் பராமரிப்போருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தின்கீழ் மாதம் 600 ரூபாய் என ஒரு தொகை வகுக்கப்பட்டிருக்கிறது. தொகை மிகச் சிறிது. ஆனால் அரசின் பேரேட்டில் பராமரிப்பவருக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் அவ்வாறு செய்தால் செலவு என்னவாகும்? மூவாயிரம் குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டு முழுவதும் தந்தாலும் ஆண்டுக்கு 18 கோடி ரூபாய். மாநில வரவு செலவுத் திட்டத்தின் அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. பலனோ பெரிது. பாதியில் நின்றுபோகும் சிகிச்சை, அதுவரை காப்பீட்டின் வழியாக அரசு செலவிட்ட பணத்தையும் வீணாக்குகிறது. முதல் நான்கு மாதங்களுக்கு லட்சங்களைக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் மாதத்தில் பேருந்துக் கட்டணம் இல்லாமல் ஒரு குழந்தையை இழப்பது இரக்கத்துக்கு மட்டுமன்றிச் சிக்கனத்துக்கும் எதிரானது.

பணத்தோடு இடமும் வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1974-இல், நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்கென மருத்துவமனைக்கு அருகே ஓர் இல்லம் திறக்கப்பட்டது; பின்னர் அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. சென்னையிலும் தொண்டு நிறுவனங்கள் சில அப்பணியைச் செய்துவருகின்றன. தேவைக்கு அவை போதா. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியுடன் இருப்போர் சமைக்கவும் குளிக்கவும் உறங்கவும் நல்ல கூடம் கட்டுவது பெரிய காரியமன்று. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இடைக்காலப் பரிசோதனைகளையும் எளிய ஊசிகளையும் முடித்துக்கொள்ள வழிசெய்தால், திருவண்ணாமலையிலிருந்து புறப்படும் பயணங்களில் பல தேவையற்றுப் போகும். சிகிச்சையின் தலைமை சென்னையில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்காக ஒரு குழந்தை 190 கிலோமீட்டர் போய்வர வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பராமரிப்பு என்றாலே தாய் என்று நாம் எழுதிவிடுகிறோம். நானும் மேலே அவ்வாறே எழுதியிருக்கிறேன், நடப்பு அதுவாக இருப்பதால். உதவித்தொகை தாயின் பெயரில் மட்டும் வருமானால் அந்த நடப்பு விதியாக இறுகிவிடும். உடனிருப்பவர் தாயோ, தந்தையோ, பாட்டியோ, குடும்பம் தீர்மானிக்கட்டும். யார் அமர்கிறாரோ அவருக்குத் தொகை சேரட்டும். சமத்துவத்தை நிபந்தனையாக வைத்து மணம் புரிந்த ஒரு பெண்மணியின் பெயரில் விரிவாக்கப்படும் திட்டத்துக்கு இதுவே பொருத்தம்.

அவர் வாழ்க்கை இருவகை நிறுவனங்களை நமக்கு விட்டுச்சென்றிருக்கிறது. ஔவை இல்லம், போக்கிடமற்றோருக்கு உணவும் உறைவிடமும் தந்தது. அடையாறு மருத்துவமனை, நம்பிக்கையற்றோருக்குச் சிகிச்சை தந்தது. புற்றுநோயுற்ற பிள்ளையோடு ஊரைவிட்டு வரும் ஏழைக் குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. அவ்விரண்டையும் ஒரே வாசலுக்குள் கொண்டுவருவது அவருக்குப் பின் வந்த நம் கடமை. இறந்துபோகும் நோய்க்கு எதற்குப் பணம் என்று கேட்ட காலத்தில் பன்னிரண்டு படுக்கைகளை அவர் போட்டார். பிழைத்துக்கொள்ளும் குழந்தைகளின் காலத்தில் வாழும் நாம், அந்தப் படுக்கைகளின் பக்கத்தில் தரையில் உறங்குவோரையும் கணக்கில் எழுதத் தொடங்கலாம்.